கரி மூட்டக் கூடாத வீட்டுக்கு எந்தப் புகையடுப்பு?

வணிகர் பாடப் பகுதி: சரக்கறிவு

மாசிக் கருவாடு விற்காத மளிகைக் கடை நம் தென்கரையோரத்தில் குறைவு. கட்டை போல் இறுகிக் கிடக்கும் அந்தச் சூரை மீனை மாலத்தீவில் முதலில் வேகவைக்கிறார்கள். பிறகு புகையில் வாட்டுகிறார்கள். கடைசியில் வெயிலில் காயவைக்கிறார்கள். பிரியாணிச் சாமான்களோடு விற்கும் பெரிய ஏலக்காயும் அப்படித்தான். சிக்கிமிலும் நேபாளத்திலும் சூளையில் புகையிட்டு உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதை மண்டிக்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே புகை என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. புகையிடும் பெட்டியை வீட்டுக்கு வீடு விலை கொடுத்து வாங்கி வைக்கும் வழக்கம்தான் புதிது.

அமெரிக்காவில் அந்தப் பெட்டிக்கு ஸ்மோக்கர் என்று பெயர். நாம் புகையடுப்பு என்றே சொல்வோம். நம் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். எடிசன், இர்விங் போன்ற ஊர்களில் நம் நாட்டு மளிகைக் கடைகளும் நிறைய வந்துவிட்டன. அங்கிருந்து வருகிற கேள்வி ஒன்று: “நாங்கள் இருப்பது அடுக்குமாடி. கரி எரிக்கக் கூடாது என்கிறார்கள். எந்த ஸ்மோக்கர் வாங்கலாம்?” பொருள் அமெரிக்காவுடையது என்றாலும் பாடம் எல்லாக் கடைக்காரருக்கும் உரியது. வாடிக்கையாளர் ஒரு தடையோடு கடைக்கு வருகிறார். அந்தத் தடை என்ன என்று கேட்காமல் சரக்கை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே பாடம். ஒரு முறை இறைச்சி வைத்துப் புகையிட்ட பெட்டியில் கொழுப்பும் புகைக்கறையும் படிந்துவிடும். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு விற்க முடியாது. எடுக்க மாட்டேன் என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். இரண்டிலும் நட்டம் கடைக்குத்தான்.

இறைச்சி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் சைவ உறுப்பினர்களும் சற்றுப் பொறுக்கவும். பன்னீர், முந்திரி, தக்காளி, மிளகாய், உப்பு எல்லாவற்றுக்கும் புகையிடுகிறார்கள். கடைசிப் பகுதி முழுக்க அலமாரிச் சரக்கைப் பற்றியது.

சூடு வேறு, புகை வேறு

புகையடுப்பில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, சிறு சூட்டில் நீண்ட நேரம் வேகவைப்பது. வழக்கமான சூடு 225 டிகிரி பாரன்ஹீட், அதாவது 107 செல்சியஸ். மாட்டின் நெஞ்சுப் பகுதி போன்ற முரட்டு இறைச்சி அந்தச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடக்கும். உள்ளே 195 முதல் 205 பாரன்ஹீட் வரை சூடு ஏறும்போது அதிலுள்ள நார்ப்பசை கரைந்து இளகும். அவசரப்பட்டால் தோல் செருப்பு மாதிரி இருக்கும்.

இரண்டாவது வேலை வாசனை. மரம் தீப்பிடித்து எரியாமல் கனிந்து புகையும்போது, அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து குவாயகால், சிரிங்கால் முதலான மணப்பொருள்களைத் தருகிறது. புகையூட்டிய உணவின் மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மரக்கரி என்பது ஏற்கெனவே மூட்டம் போட்டுப் புகையை எல்லாம் வெளியேற்றிய மரம். அது நன்றாகச் சூடு தரும். மரவாசனை மிகக் குறைவாகவே தரும். கரியடுப்பில் சமைப்பவர்களும் வாசனைக்காகத் தனியே இரண்டு மரத்துண்டு மேலே போடுகிறார்கள். ஆகவே கரி கூடாது என்றால் புகைவாசனையே கூடாது என்று அர்த்தமல்ல. சூட்டை வேறு வழியில் வாங்கிக்கொண்டு, கைப்பிடி மரச்சிராயைப் புகையவிட்டால் போதும். கரி இல்லாத புகையடுப்புகள் எல்லாமே இந்த ஒரு தத்துவத்தில் செய்யப்பட்டவை. கரிக்கும் கறிக்கும் உள்ள உறவு நாம் நினைத்த அளவு நெருக்கம் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கரிக்கு ஏன் தடை

அமெரிக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் பல மரச்சட்டத்தால் கட்டப்பட்டவை. பால்கனித் தரையும் மரமாக இருக்கும். கங்கு ஒன்று தெறித்தால் மேல் மாடி வரை ஏறும். கரி அணைந்துவிட்டது போலத் தோன்றினாலும் சாம்பலுக்குள் சூடு மறுநாள் வரைகூட இருக்கும். அதைக் காகிதப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுத் தீப்பிடித்தது உண்டு.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. கரி எரியும்போது வரும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். அங்கே விற்கும் ஒவ்வொரு கரிப் பையிலும், வீட்டுக்குள் எரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். மழை வந்தது, குளிர் வந்தது என்று கரியடுப்பை உள்ளே இழுத்துப் போடுவது எந்த நாட்டிலும் உயிரோடு விளையாடுவதாகும். நம் ஊரில் குளிருக்குக் கங்குச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதும் அதே ஆபத்துத்தான்.

இது அமெரிக்காவோடு நிற்கிற சங்கதியும் இல்லை. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. காரணம் அங்கே தீ அல்ல, காற்று மாசு. காரணம் எதுவானாலும் கரி வாங்குபவர் நாளைக்கு வேறு சரக்குக் கேட்டு வருவார்.

முதலில் சீட்டைப் படிக்க வேண்டும்

“கரி கூடாது” என்று வாடிக்கையாளர் சொல்வது அவர் புரிந்துகொண்ட அளவுதான். வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறாக இருக்கலாம். நான்கு விதமான தடைகளை நாம் பிரித்துப் பார்க்கிறோம்.

சில இடத்தில் கரியும் சாம்பலும் மட்டுமே வேண்டாம் என்பார்கள். எரிவாயுவுக்குத் தடை இல்லை. சில இடத்தில் எந்தத் தீச்சுடரும் கூடாது. இது மிகச் சாதாரணம். மூன்றாவது, பால்கனியில் எந்தச் சமையலும் கூடாது. அடுப்பை அங்கே வைத்திருப்பதே குற்றம். நான்காவது, பக்கத்து வீட்டுக்குப் புகை போகக் கூடாது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒப்பந்தத்துக்கு மேலே ஊரின் தீத்தடுப்பு விதி இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களும் நகரங்களும் பின்பற்றும் பன்னாட்டுத் தீ விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டடத்திலிருந்து 10 அடி தூரத்துக்குள்ளும் கரியடுப்பையும் திறந்த சுடர் அடுப்பையும் இயக்கக் கூடாது என்கிறது. ஒரு குடும்பம் அல்லது இரண்டு குடும்பம் வாழும் தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் பால்கனி வரை பொருத்திய கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. எரிவாயு என்றால் 1 பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் கொள்ளும் குட்டிச் சிலிண்டருக்கு மட்டும் அனுமதி.

வேறு சில இடங்களில் என்.எப்.பி.ஏ. 1 என்ற விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. அது இன்னும் கண்டிப்பு. பலர் வாழும் கட்டடத்தின் பால்கனியில் எந்த அடுப்பையும் மூட்டக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. தரச் சான்று பெற்ற சிறு மேசை மின் கிரில், அதுவும் சமைக்கும் பரப்பு 200 சதுர அங்குலத்துக்கு மேற்படாதது, அதைப் போன்ற சாதனம் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் தருகிறது. 200 சதுர அங்குலம் என்றால் 10 அங்குலத்துக்கு 20 அங்குலம். ஒரு தோசைக்கல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரப் பெட்டி இதில் அடங்குமா என்பதைக் கட்டட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குவதுதான் உத்தமம். வாய்வார்த்தையாக வாயிற்காவலர் “பரவாயில்லை” என்றது, அபராதச் சீட்டு வரும்போது துணைக்கு வராது.

எரிவாயுப் புகையடுப்பு இந்த இடத்திலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். அதற்கு வழக்கமாக மாட்டுவது 20 பவுண்டு சிலிண்டர். நம் கணக்கில் 9 கிலோ. கரி இல்லை, சாம்பல் இல்லை, நல்ல சூடு வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தனி வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்துவது மாடிக் குடியிருப்புக்குப் பொருந்தாது.

கரண்டில் ஓடுவதும் கரண்டில் வேகவைப்பதும்

இந்தச் சரக்கில் வாங்குகிறவர் அதிகம் ஏமாறும் இடம் இது. ஆகவே விரிவாகவே சொல்கிறோம்.

பெல்லட் கிரில் என்று ஒன்று இருக்கிறது. மாட்டுத் தீவனம் பெல்லட்டாக வருகிறதே, அதே வடிவத்தில் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள்தான் அதற்கு எரிபொருள். ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980களில் இதை உருவாக்கி 1986இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல கம்பெனிகள் இறங்கிவிட்டன. பக்கத்துத் தொட்டியில் குச்சிகளைக் கொட்டினால், திருகு ஒன்று சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகலத்துக்குத் தள்ளும். விசிறி காற்று ஊதும். சூடு கூடினால் தள்ளுவது குறையும், குறைந்தால் கூடும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நல்ல பொருள், அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அதைச் சுவரில் சொருகுகிறோம், திரையில் எண் மின்னுகிறது, பொத்தானைத் தட்டினால் ஓடுகிறது. ஆகவே விற்பவர் “இது கரண்ட் அடுப்பு” என்று சொல்லிவிடுகிறார், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். உள்ளே எரிவது மரம். தீ உண்டு, சாம்பல் உண்டு. தீச்சுடர் கூடாது என்று எழுதியுள்ள குடியிருப்பில் இது கரியடுப்போடு சேர்த்தே தடுக்கப்படும். ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி மூலையில் உறை போட்டுக் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரருக்கு எளிய வழி ஒன்று உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள தகட்டில் எத்தனை வாட் என்று பார்க்கவும். பெல்லட் கிரில்லில் 300 வாட் அளவில் போட்டிருக்கும். அதுவும் முதலில் தீ மூட்டும் கம்பிக்காக. பிறகு திருகும் விசிறியும் மட்டும் ஓட 50 வாட் போதும். 50 வாட்டில் ஒரு பெட்டி 225 டிகிரிக்குச் சூடாகுமா? ஆகாது. அப்படியானால் சூடு தருவது தீ. தகட்டில் 800, 1,500 என்று இருந்தால் சூடு தருவது கரண்ட். தகடு பொய் சொல்லாது.

இடைப்பட்ட ஒன்றும் 2022 முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. சூட்டைக் கரண்ட் கம்பி தரும். ஓரத்தில் சிறு கூட்டில் ஒரு கைப்பிடி பெல்லட் மட்டும் வாசனைக்காகப் புகையும். மேசைமேல் வைக்கும் அளவுதான். மாடிவாசிகளுக்கு இது ஏற்றது என்று நினைக்கிறோம். ஆனாலும் கூட்டுக்குள் கொஞ்சம் மரம் எரிகிறது. அதையும் நிர்வாகத்திடம் சொல்லியே கேட்க வேண்டும்.

மின்சாரப் புகைப்பெட்டி

அடுக்குமாடியில் பெரும்பாலும் அனுமதி கிடைப்பது இதற்குத்தான். சிறிய இரும்பு பீரோ போல இருக்கும். உள்ளே நான்கு கம்பித் தட்டு, அடியில் சூட்டுக்கம்பி, அதன்மேல் மரச்சிராய் போடும் சிறு தட்டு, அதற்கும் மேலே தண்ணீர்ப் பாத்திரம். வீட்டு அளவுப் பெட்டிக்கு 800 வாட் வழக்கம். தெர்மோஸ்டாட் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். பத்து மணி நேரம் இடைவிடாமல் கம்பி எரிந்தாலே 8 யூனிட்தான். அது விட்டுவிட்டு எரிவதால் அதற்கும் குறைவாகவே ஆகும்.

விலை குறைவு, கையாள எளிது, காற்றடித்தாலும் சூடு மாறாது. குறைகளையும் சொல்லித்தான் விற்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் மேல்வரம்பு 275 பாரன்ஹீட், அதாவது 135 செல்சியஸ். அந்தச் சூட்டில் கோழித்தோல் மொறுமொறுப்பாகாது. ரப்பர் போல இழுபடும். கடைசி பத்து நிமிடம் வீட்டு அவனில் வைத்து எடுக்க வேண்டும். வெயில் நாளில் பெட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் கம்பி நெடுநேரம் அணைந்தே கிடக்கும். அப்போது சிராயும் புகையாது. சிராய்த் தட்டை முக்கால் மணிக்கு ஒரு தரம் நிரப்பவும் வேண்டும். கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே சிராய் போடும் குழாய் உள்ள பெட்டியே நல்லது. திறந்து திறந்து மூடினால் சூடு போய்விடும்.

இன்னொரு புகார் வரும். கரியடுப்பில் வெந்த இறைச்சியை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். தீயில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வருவது அது. கரண்ட் பெட்டியில் தீ இல்லாததால் வளையம் வராது, அல்லது மங்கலாக வரும். வளையத்துக்கு ருசி கிடையாது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் “பெட்டி சரியில்லை” என்று திருப்பிக்கொண்டு வரமாட்டார்கள்.

வாங்கியதும் முதல் முறை வெறும் பெட்டியாகச் சுமார் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். இயந்திர எண்ணெய் வாடை போய்விடும். கடைசி முக்கால் மணி நேரம் சிராயும் போட்டால் உட்புறம் பழகிக்கொள்ளும். புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்.

பிளக்குக்கு வந்தால், அமெரிக்காவில் 120 வோல்ட். சாதாரணச் சுவர் இணைப்பு 15 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,800 வாட். மணிக்கணக்கில் ஓடும் சுமையை அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது 1,440 வாட்டுக்குள் வைத்துக்கொள்வது மின்பணியாளர் முறை. 800 வாட் பெட்டிக்குக் கவலை இல்லை. 1,700 வாட் கிரில் ஓடும்போது அதே இணைப்பில் வேறு எதையும் போடக் கூடாது. மெல்லிய நீட்டிப்பு வயரில் மாட்டினால் வயர் சூடாகும், பெட்டிக்குச் சூடு ஏறாது. வெளிப்புறப் பிளக்கில் மின்கசிவைத் துண்டிக்கும் அமைப்பு இருக்க வேண்டும். தகட்டில் யு.எல். போன்ற சோதனைக்கூட முத்திரை இல்லாத மலிவுப் பெட்டியை விலைக்காக எடுக்க வேண்டாம். விதியே “தரச் சான்று பெற்றது” என்றுதான் கேட்கிறது.

ஊருக்கு வரும் பிள்ளைகள் இப்படிப்பட்ட பெட்டியை இங்கே கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் 800 வாட் கம்பி 2,900 வாட்டுக்கு மேல் இழுக்கும். வோல்ட் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. கம்பி ஒரு நொடியில் போய்விடும். போகாவிட்டால் வீடு போகும். 1,000 வாட்டுக்குக் குறையாத இறக்கு மின்மாற்றி வேண்டும். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பால்கனியே கிடையாது என்றால்

சமையலறைக்குள் அடங்கும் வழிகளும் இருக்கின்றன. எவர்சில்வர்ச் செவ்வகச் சட்டி ஒன்று விற்கிறார்கள். அடியில் ஒரு மேசைக்கரண்டி நைஸான மரத்தூள், அதன்மேல் கொழுப்பு சொட்டும் தட்டு, அதன்மேல் கம்பி வலை, இறுக்கமான மூடி. சாதாரண அடுப்பிலேயே வைக்கலாம். மீன், கோழிநெஞ்சு, பன்னீர், காய்கறி எல்லாம் அரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். பெரிய இறைச்சித் துண்டுக்கு ஆகாது. மூடி இடுக்கில் கொஞ்சம் புகை கசியத்தான் செய்யும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுவதாக இருக்க வேண்டும். வடிகட்டி வழியாக மறுபடி அறைக்குள்ளேயே விடும் விசிறி என்றால் தீ எச்சரிக்கை மணி அலறிவிடும். மணியின் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சமைப்பவர்களும் உண்டு. அதைக் கடைக்காரர் ஒரு நாளும் யோசனையாகச் சொல்லக் கூடாது.

2024 ஜனவரியில் ஜெனரல் எலக்ட்ரிக் பெயரில் வீட்டுக்குள்ளேயே வைக்கும் மின்சாரப் புகைப்பெட்டி ஒன்று அறிமுகமானது. அறிமுக விலை 999 டாலர். சூட்டுக்கு ஒரு கம்பி, பெல்லட்டைப் புகையவிட வேறொரு கம்பி. வெளியேறும் புகையைக் கார்களின் புகைக்குழாயில் உள்ளது போன்ற வினையூக்கி சிதைத்து, சூடான காற்றாக விட்டுவிடுகிறது. யோசனை நல்லது. ஒரு முழு மாட்டு நெஞ்சு வைக்க இடம் போதாது. துண்டாக்கித்தான் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சமைக்கிற வீட்டுக்கு இந்த விலை தகுமா என்பதை வாங்குகிறவர் யோசிக்கட்டும்.

புகைத் துப்பாக்கி என்று கையடக்கமாக ஒன்று விற்கிறது. அது குளிர்ந்த புகையை ஊதும், வேகவைக்காது. சமைத்து முடித்த பண்டத்துக்கு வாசனை ஏற்ற மட்டுமே உதவும். விளையாட்டுச் சாமான் என்பதே எங்கள் கருத்து. வடநாட்டில் செய்யும் துங்கார் முறையில் நெய் ஊற்றுவது கனிந்த கரித்துண்டின் மேல்தான். ஆகவே கரி கூடாத வீட்டில் அதற்கும் இடமில்லை.

மரம்

ஹிக்கரி, ஓக், மெஸ்கீட் ஆகியவை கடும் வாசனை, ஆப்பிள், செர்ரி மென்மை, மீனுக்கு ஆல்டர். பைன் போன்ற பிசின் மரம் கசக்கும், கரியும் படியும். பெயின்ட் அடித்தது, மருந்து பாய்ச்சியது, சரக்குப் பலகை உடைத்தது எதுவும் ஆகாது; அதன் புகையில் விஷம் இருக்கலாம். சிராயைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பார்கள். தண்ணீர் மரத்துக்குள் அதிகம் இறங்குவதில்லை. முதலில் ஆவியாகப் போகும், புகை வரத் தாமதமாகும், அவ்வளவே. புகை மெல்லிய நீலமாக இருந்தால் சரி. வெள்ளையாகத் திரண்டு வந்தால் கசப்பு ஏறும்.

மேலே சொன்ன மெஸ்கீட் வேறு ஏதோ அல்ல, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இராமநாதபுரம் பக்கம் நாம் வெட்டி மாளாமல் மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கும் மரத்தின் சொந்தத்தை, டெக்சாஸில் ஒன்றிரண்டு கிலோ பையில் அடைத்துப் பெயர் போட்டு விற்கிறார்கள். இதைப் படிக்கும் கரி வியாபாரிகள் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும்.

பெல்லட் மூட்டை நனைந்தால் ஊதி மாவாகிவிடும். சிமெண்டு மூட்டைக்கு எடுக்கும் கவனம் வேண்டும். வீடு சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட்டை உணவுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்கவும் வேண்டாம்.

வேக்காடு

எந்தப் பெட்டி வாங்கினாலும் ஒரு இறைச்சி வெப்பமானியும் கூடவே வாங்க வைக்க வேண்டும். புகையில் நிறம் மாறுவதால் வெந்துவிட்டது போலத் தோன்றும். கோழி உள்ளே 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் தொட வேண்டும். கொத்திய இறைச்சி 160. முழுத் துண்டு மாடு, பன்றி, ஆடு 145, பிறகு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவுகள் இவை. 40 முதல் 140 பாரன்ஹீட் வரை கிருமி வேகமாகப் பெருகும் சூடு. சிறு சூட்டில் சமைக்கும்போது அந்த இடத்தைத் தாண்ட நேரமாகும். ஆகவே உறைந்த கட்டியை அப்படியே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. முழுக்க உருகிய பிறகே வைக்க வேண்டும்.

பெட்டி வாங்க முடியாதவருக்கு அலமாரியில் என்ன இருக்கிறது

எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்த பிறகு, “உங்கள் குடியிருப்புக்கு எந்தப் பெட்டியும் ஆகாது” என்று சொல்ல வேண்டிய வாடிக்கையாளரும் இருப்பார். அவரை வெறுங்கையாக அனுப்ப வேண்டியதில்லை. புகையை ஏற்கெனவே வாங்கிக்கொண்ட சரக்குகள் மளிகைக் கடையிலேயே உண்டு.

ஸ்பெயின் நாட்டின் லா வேரா பகுதியில் ஓக் புகையில் உலர்த்திய மிளகாயை அரைத்த தூள் ஒன்று. காரம் குறைவு, நிறமும் புகைமணமும் அதிகம். மெக்சிகோவின் சிபோட்லே என்பது பழுத்த ஹாலப்பேனோ மிளகாயைப் புகையில் வாட்டியது. சீனாவின் பூஜியன் பகுதியில் பைன் புகையில் வாட்டும் லாப்சாங் சூச்சாங் தேயிலையைக் குழம்பில் துளி சேர்ப்பவர்களும் உண்டு. நம்மிடம் உள்ள பெரிய ஏலக்காயும் மாசியும் இந்த வரிசையில் நிமிர்ந்து நிற்கக்கூடியவை. கத்திரிக்காய்த் தொக்குக்கு ஒரு பெரிய ஏலக்காயைத் தட்டிப் போட்டால், சுட்ட வாசனை வேண்டும் என்பவர் பாதி திருப்தி அடைவார்.

புகைத்திரவம் என்று குப்பியில் வருவதும் மரப்புகைதான். புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்து, தாரை நீக்கி வடிகட்டியது. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்து எர்னஸ்ட் ரைட் 1895இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு கிலோவுக்குச் சில சொட்டு போதும். கூடினால் மருந்து வாடை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் எட்டு வகைப் புகைச் சுவையூட்டிகளுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது; படிப்படியாக விலக்கிக்கொள்ளக் கெடு கொடுத்திருக்கிறது. ஆகவே ஐரோப்பாவுக்கு மசாலாக் கலவை அனுப்பும் உறுப்பினர்கள், கலவையில் இந்தத் திரவம் இருந்தால் வாங்குபவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். இயற்கையாகப் புகையிட்ட மிளகாய்க்கு அந்த முடிவு பொருந்தாது.

புகையிட்ட எந்தச் சரக்கையும் காற்றுப் புகாத டப்பாவில் தனி அடுக்கில் வைக்கவும். சாம்பிராணிக்குப் பக்கத்தில் வைத்த டீத்தூள் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இதுவும் அதே வகை. சர்க்கரை, ரவை, டீத்தூள், பால்பவுடர் ஆகியவற்றிலிருந்து தள்ளி, வெயில் படாமல் வைத்தால் மணம் குறையாது. சிறு பொட்டலமாக, 50 கிராம், 100 கிராம் என்று கட்டுவதே நல்லது. கால் கிலோ வாங்கிப் போகிறவர் வீட்டில் அது ஆறு மாதம் திறந்தே கிடந்து வாசனை போய்விடும். பிறகு குறை சொல்வது நம் கடையைத்தான்.